இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம்: அளந்த வரலாறு

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்பது, பொதுவாக, புவியின் மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம் ஆகும். இந்தக் கோட்டைப் பெருவட்டக் கோடு என்பர். ஆனால் விமானம் உண்மையில் பறக்கும் தூரம் வேறு, பயணச்சீட்டுக் கணக்கில் கொள்ளப்படும் தூரம் வேறு. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கி.மீ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்தப் பயணத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது அதன் விமானம் பறந்ததோ 15,000 கி.மீ.க்கும் மேல். எந்தத் தூரம் சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

எங்கிருந்து எங்கு வரை?

பேருந்து நிலையங்களுக்கு இடையே அளப்பது போல வாசலிலிருந்து வாசல் வரை இங்கே அளப்பதில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, நிலையம் முதலில் அமைந்தபோதோ திட்டமிடப்பட்டபோதோ அதன் வடிவியல் மையம் எங்கே இருந்ததோ அதற்கு அருகில் இந்தப் புள்ளி குறிக்கப்படுகிறது. பின்னால் புதிய ஓடுபாதை வந்தாலும், முனையக் கட்டடம் இடம் மாறினாலும், புள்ளி வழக்கமாக முதலில் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆகவே பெரிய நிலையங்களில் பயணி விமானம் ஏறும் இடத்துக்கும் இந்தப் புள்ளிக்கும் சில கிலோமீட்டர் இருக்கலாம். தூரக் கணக்கு முழுவதும் இந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டே நடக்கிறது.

நூலும் உருண்டையும்

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் நீண்ட தூரங்களில் விடை தவறாகும். 1569-இல் மெர்க்கேட்டர் வெளியிட்ட வரைபட முறையில், திசைகாட்டி ஒரே கோணத்தைக் காட்டும்படி செல்லும் பாதை நேர்க்கோடாகத் தெரியும். மாலுமிகளுக்கு அது பெரிய வசதி. ஆனால் அந்த நேர்க்கோடு குறுகிய வழி அன்று. இந்த இரண்டு பாதைகளும் வெவ்வேறானவை என்பதைப் போர்ச்சுக்கீசியக் கணித அறிஞர் பெட்ரோ நூனெஸ் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1537-இல், எழுதிவிட்டார். டோக்கியோவின் நரிட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பவை. ஆகவே வரைபடத்தில் நேர் கிழக்காகக் கோடு போடத் தோன்றும். அந்தக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 8,670 கி.மீ. வடக்கே அலூசியன் தீவுகளை நோக்கி வளைந்து திரும்பும் பெருவட்டக் கோடோ ஏறத்தாழ 8,230 கி.மீ.தான். வளைந்தது போலத் தெரியும் வழி நானூறு கிலோமீட்டருக்கும் மேல் குறைவு!

வகுப்பில் இதை விளக்க நான் சூத்திரம் எதுவும் எழுதியதில்லை. உருண்டை ஒன்றும் பூக்கட்டும் நூலும் போதும். இரண்டு ஊர்களிலும் விரலை வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால் அது தானாகவே பெருவட்டத்தில் போய் அமையும். உருண்டையின் நடுக்கோட்டை நூலால் அளந்து அதை 40,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் மற்றது எளிய விகிதக் கணக்கு.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக இடைநில்லாமல் பறந்த சார்லஸ் லிண்ட்பர்க், அந்த விமானத்தைக் கட்டத் தொடங்கும் முன் சான் டியாகோ பொது நூலகத்துக்குப் போய் அங்கிருந்த உருண்டையின் மேல் நூலை வைத்துத்தான் தூரத்தை அளந்தார். விடை 3,600 மைல். எவ்வளவு பெட்ரோல் தேவை, அதற்கு எவ்வளவு பெரிய கலன், அந்தக் கலனைத் தூக்க எவ்வளவு பெரிய இறக்கை என்ற கணக்குகள் எல்லாம் அந்த நூலின் நீளத்திலிருந்து பிறந்தவை. பிறகு பெருவட்டங்கள் நேர்க்கோடாகத் தெரியும் சிறப்பு வரைபடம் ஒன்றில் கோடு கிழித்து, அதை நூறு நூறு மைல் துண்டுகளாக மெர்க்கேட்டர் படத்துக்கு மாற்றிக்கொண்டார். ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒரு முறை திசையைச் சிறிது திருப்பினால் போதும். வளைகோட்டைச் சிறு நேர்க்கோடுகளாக உடைத்துப் பறக்கும் முறை இது. முப்பத்து மூன்றரை மணி நேரப் பயணத்தில் அயர்லாந்துக் கரையை அவர் தொட்டபோது குறித்த பாதையிலிருந்து சில மைல்களே விலகியிருந்தார்.

கடல் மைலும் வாய்க்கணக்கும்

விமானத் துறை இன்றும் கடல் மைலைக் கைவிடவில்லை. காரணம் எளியது. ஒரு டிகிரியில் 60 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் நகர்ந்தால் ஒரு கடல் மைல். 1929-இல் மொனாக்கோவில் கூடிய மாநாடு அதன் நீளத்தை 1,852 மீட்டர் என்று வரையறுத்தது.

இதைக் கொண்டு சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரத்தைத் தாளிலேயே போட்டுவிடலாம். சென்னை விமான நிலையம் வட அட்சம் 12 டிகிரி 59 நிமிடம், கிழக்குத் தீர்க்கம் 80 டிகிரி 10 நிமிடம். கொழும்புக்குரிய கட்டுநாயக்கா நிலையம் 7 டிகிரி 11 நிமிடம், 79 டிகிரி 53 நிமிடம். அட்ச வேறுபாடு 5 டிகிரி 48 நிமிடம், அதாவது 348 நிமிடம்; எனவே 348 கடல் மைல். தீர்க்க வேறுபாடு 17 நிமிடம்தான். துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் அதை இடை அட்சத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 10 டிகிரியில் கொசைன் 0.985, விடை 16.7. பிதாகரஸ் தேற்றப்படி இரண்டையும் சேர்த்தால் 348.4 கடல் மைல். 1.852-ஆல் பெருக்க, ஏறத்தாழ 645 கி.மீ. பத்தாம் வகுப்புக் கணக்கு இவ்வளவுதான்.

இலண்டன் போன்ற தொலைதூர ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது; கோள முக்கோணவியல் வேண்டும். கோளத்துக்கான கொசைன் விதியைப் பயன்படுத்தினால் சென்னை–இலண்டன் ஹீத்ரோ தூரம் சுமார் 8,230 கி.மீ. என்று வரும். ஆனால் இந்த விதிக்கு ஒரு குறை உண்டு. தூரம் மிகக் குறைவானால் கொசைன் மதிப்பு 0.9999... என்று ஒன்றை ஒட்டி நிற்கும். அட்டவணையில் நான்கைந்து தசம இடங்களே இருந்த காலத்தில் அதிலிருந்து கோணத்தைத் திரும்பப் பெறுவது இயலாத காரியம். இதற்கு மாலுமிகள் கண்ட தீர்வு ஹேவர்சைன். ஒன்றிலிருந்து கொசைனைக் கழித்து வருவதன் பாதி அது. 1805-இல் ஜேம்ஸ் ஆண்ட்ரூ இதற்கு அட்டவணை வெளியிட்டார். 1835-இல் ஜேம்ஸ் இன்மன் இந்தப் பெயரைச் சூட்டினார். இன்று இணையத்தில் தூரம் காட்டும் பல நிரல்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பது கப்பல்காரர்களின் இந்தச் சூத்திரமே.

இன்னும் பின்னால் போனால் இதன் வேர் நம் பக்கம் வருகிறது. ஒன்றிலிருந்து கொசைனைக் கழித்து வரும் அளவைச் சூரிய சித்தாந்தம் 'உத்கிரம ஜ்யா' என்ற பெயரில் அட்டவணையாகவே தருகிறது. ஜ்யா என்றால் வில்லின் நாண். அரபு மொழிக்குப் போய் ஜிபா ஆகி, பிறகு மார்பு அல்லது மடிப்பு என்ற பொருளுடைய ஜைப் என்று தவறாகப் படிக்கப்பட்டு, இலத்தீனில் அதே பொருளில் சைனஸ் என மொழிபெயர்க்கப்பட்டது. நாம் ஆங்கிலச் சொல் என்று எண்ணிப் படித்த சைன் இந்தத் தவறான வாசிப்பின் பேரப்பிள்ளை.

உருண்டை முழு உருண்டையன்று

மேலே போட்ட சென்னை–கொழும்புக் கணக்கில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் பிழை இருக்கிறது. புவி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. இதனால் நம் பகுதியில் அட்சரேகையின் ஒரு டிகிரி 111.1 கி.மீ. அன்று, 110.6 கி.மீ. மட்டுமே. திருத்திப் போட்டால் சென்னை–கொழும்பு 645-லிருந்து 642, 643 என்று இறங்கிவிடும்.

இந்தத் தட்டைத்தன்மையை இந்தியாவில் அளக்கத் தொடங்கிய இடம் சென்னை விமான நிலையத்துக்கு மிக அருகில்தான் உள்ளது என்பது பலருக்கும் தெரியாது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீள அடிக்கோட்டைப் பல வாரங்கள் உழைத்து அளந்தார். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது தெரியும் அதே பரங்கிமலை. அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்ததே இந்தியப் பெரும் முக்கோண அளவை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. அரை டன் எடையுள்ள அந்தக் கருவிக்கு மாற்றுக் கருவி இந்தியாவில் கிடையாது. லாம்டன் மனம் தளராமல் அதைத் தாமே பழுது பார்த்து மீண்டும் வேலையைத் தொடர்ந்தார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்த அளவைகளைக் கொண்டு 1830-இல் புவியின் வடிவத்துக்குத் தந்த எண்கள், இந்திய வரைபடங்களுக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அடிப்படையாக இருந்தன.

ஒவ்வொரு நாடும் இப்படித் தனக்கென்று ஒரு புவி வடிவத்தை வைத்திருந்தது. நிலத்தில் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் ஒரே ஓடுபாதைக்கு எவரெஸ்ட் முறையில் ஒரு தீர்க்கரேகையும் செயற்கைக்கோள் முறையில் வேறொரு தீர்க்கரேகையும் வரும். இடைவெளி நூறு மீட்டரைத் தாண்டும். ஓடுபாதையின் அகலமோ 45 அல்லது 60 மீட்டர்! பழைய எண்ணைச் செயற்கைக்கோள் கருவியில் ஊட்டினால் விமானம் ஓடுபாதைக்குப் பக்கத்துப் புல்வெளியைத் தேடிப் போகும். ஆகவே 1998 சனவரி 1 முதல் உலகின் எல்லா விமான நிலையங்களும் டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற ஒரே புவி வடிவத்தின்படி தங்கள் எண்களை வெளியிட வேண்டும் என்று பன்னாட்டு விதி வந்தது.

தட்டைக் கோளத்தில் மிகக் குறுகிய தூரத்தைக் காண எளிய சூத்திரம் இல்லை. திரும்பத் திரும்பக் கணக்கிட்டு விடையை நெருங்க வேண்டும். 1975-இல் தாடியஸ் வின்சென்டி தந்த முறை மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையில் விடை தரும். ஆனால் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள இரு இடங்களைக் கொடுத்தால் விடைக்கே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் குறையை 2013-இல் சார்லஸ் கார்னி நீக்கினார்.

பறக்கும் தூரம்

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் ஜே.ஆர்.டி. டாட்டா புறப்பட்டார். அகமதாபாத்தில் நின்று பம்பாய் வந்து சேர்ந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாக அஞ்சலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். கராச்சி–சென்னை பெருவட்டத் தூரம் சுமார் 1,900 கி.மீ. நான்கு கட்டங்களையும் தனித்தனியே போட்டுக் கூட்டினால் சுமார் 2,080 கி.மீ. வருகிறது. ஒன்பது விழுக்காடு கூடுதல். சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தின் எரிபொருள் கலன் விதித்த வரி அது.

இன்றைய விமானங்களுக்கு எரிபொருள் கலன் தடையில்லை. காற்றும் நாட்டு எல்லைகளுமே தடை. முதலில் சொன்ன டெல்லி–சான் பிரான்சிஸ்கோ பயணம் பசிபிக் வழியில் அட்லாண்டிக் வழியைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமானது. ஆனாலும் நேரம் குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளியதே காரணம். விமானிக்குத் தரையில் கடக்கும் தூரத்தைவிடக் காற்றில் கடக்கும் தூரமே முக்கியம், ஏனெனில் எரிபொருள் அதற்குத்தான் செலவாகிறது. வட அட்லாண்டிக் கடலின் மேல் பாதைகள் காற்றைப் பார்த்து நாள்தோறும் இருமுறை புதிதாக வகுக்கப்படுகின்றன.

எல்லைக்கு எடுத்துக்காட்டு ஹெல்சிங்கி–டோக்கியோ. பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ.; கோடு முழுவதும் ஏறக்குறைய ரஷ்யாவின் மேல். 1983-இல் ஃபின்ஏர் இந்தப் பயணத்தை இடைநில்லாமல் தொடங்கியபோது சோவியத் வான்வெளிக்கு அனுமதி இல்லை. எனவே வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு பறந்தது; பயண நேரம் ஏறத்தாழ 13 மணி. பின்னர் சைபீரிய வழி திறந்தது, நேரம் ஒன்பதரை மணிக்கு இறங்கியது. 2022-இல் வான்வெளி மீண்டும் மூடப்பட, மீண்டும் துருவம், மீண்டும் 13 மணி. இவ்வளவுக்கும் இரு நிலையங்களுக்கு இடையிலான 'தூரம்' ஒரு மீட்டரும் மாறவில்லை.

ஓர் இலக்கத்தின் விலை

கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் உள்ளே போகும் எண் தவறானால் என்ன ஆகும் என்பதற்கு 1979 நவம்பர் 28 சாட்சி. ஆக்லாந்திலிருந்து அண்டார்டிக்காவைச் சுற்றிக்காட்டப் புறப்பட்ட ஏர் நியூசிலாந்து விமானத்தின் பாதையில் மெக்மர்டோ நிலையத்தின் தீர்க்கரேகை, கணினியில் ஏற்றப்பட்டபோது 166 டிகிரிக்குப் பதிலாக 164 டிகிரி எனப் பதிவாகியிருந்தது. தற்செயலாக அந்தத் தவறான எண் விமானத்தைப் பனிமூடிய கடல்நீரிணையின் மேல், மலையில்லாத வழியாக அழைத்துச் சென்றது. விமானிகளுக்கு விளக்கிச் சொல்லப்பட்டதும் அந்த வழியே. பயணத்துக்கு முந்திய இரவு எண் திருத்தப்பட்டது. விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. இறுதிப் புள்ளி 27 கடல் மைல் கிழக்கே நகர்ந்தது. இடையில் எரபஸ் எரிமலை. 257 பேரும் உயிரிழந்தனர். திருத்திய எண் சரியானது, பழைய எண்தான் தவறு என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

1983 செப்டம்பர் 1 அன்று அங்கரேஜிலிருந்து சியோல் சென்ற கொரிய விமானம் பாதையிலிருந்து 500 கி.மீ.க்கும் மேல் விலகிச் சோவியத் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தனர். அந்த மாதமே, ஜி.பி.எஸ். தயாரானதும் உலக மக்கள் அனைவரும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது.

தூரமும் பணமும்

பயணச்சீட்டில் தூரம் பணமாக மாறுகிறது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் பழைய கட்டண முறையில் இரு ஊர்களுக்கு ஒரு மைல் கணக்கு இருந்தது. அதற்கு மேல் பொதுவாக 20 விழுக்காடு வரை சுற்றிப் போகலாம், கூடுதல் கட்டணம் இல்லை. அதையும் மீறினால் ஐந்து ஐந்து விழுக்காடாகக் கட்டணம் ஏறும். வழியில் இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டுப் போக விரும்பியவர்கள் மைல் புத்தகத்தைப் புரட்டிப் பயணம் வகுத்த காலம் அது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆவது ஒழுங்குவிதிப்படி விமானம் மிகத் தாமதமானால் அல்லது இரத்தானால் பயணிக்கு இழப்பீடு உண்டு: 1,500 கி.மீ. வரை 250 யூரோ. அதற்கு மேல் 400. ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கி.மீ.ஐத் தாண்டினால் 600. ரோமிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஹாம்பர்க் சென்ற மூன்று பயணிகளின் வழக்கில் இந்த எல்லைக்கோடே சிக்கலானது. ரோம்–பிரசல்ஸ் 1,173 கி.மீ., பிரசல்ஸ்–ஹாம்பர்க் 483, கூட்டினால் 1,656. நேராகப் பார்த்தால் ரோம்–ஹாம்பர்க் 1,326 கி.மீ. மட்டுமே. பறந்த தூரத்துக்கு 400 யூரோ வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 2017 செப்டம்பர் 7 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், இழப்பீடு பயணியின் தொல்லைக்குத்தான், சுற்றிப் பறந்ததால் தொல்லை கூடிவிடவில்லை என்று கூறி, முதல் நிலையத்துக்கும் கடைசி நிலையத்துக்கும் இடையிலான பெருவட்டத் தூரத்தையே கொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 250 யூரோதான். இடையில் விமானம் மாறி ஏறுவதே ஒரு தொல்லை இல்லையா என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதியில் பெருவட்டம் என்று எழுதியிருக்கும்போது நீதிபதிகள் வேறென்ன செய்ய முடியும்?

கரிமக் கணக்கில் இதற்கு நேர்மாறான அணுகுமுறை. அங்கே உண்மையில் எரிந்த எரிபொருள்தான் கேள்வி என்பதால், பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணிப்பான் பெருவட்டத் தூரத்தோடு ஒரு கூடுதலையும் சேர்க்கிறது: 550 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு 50 கி.மீ., 5,500 கி.மீ. வரை 100, அதற்கு மேல் 125. ஓடுபாதையின் திசைக்கேற்பத் திரும்புவது, இறங்க இடம் கிடைக்கும் வரை வானில் வட்டமடிப்பது, மழைமேகத்தைச் சுற்றிப் போவது எல்லாம் அந்தக் கூடுதலுக்குள் அடங்கும். ஆகவே சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 354 கி.மீ. என்றால் கரிமக் கணக்கில் அது 404. சென்னை–சிங்கப்பூர் 2,920 என்றால் 3,020.